உறவுக்குச் சட்டம் கேட்கும் பெயர்

புலம்பெயர்ந்த தமிழர் வீடுகளில் அன்றாடம் புழங்கும் சொற்களுள் ‘ஸ்பொன்சர்’ என்பதும் ஒன்றாகிவிட்டது. அனுசரணை, பொறுப்பேற்பு என்றெல்லாம் தமிழில் எழுதலாம். ஆயினும் நல்லூரிலும் ஸ்காபரோவிலும் மக்கள் சொல்வது ஸ்பொன்சர் என்றுதான். ஆகவே நானும் அவ்வாறே எழுதுகிறேன்.

பத்திரிகைத் தொழிலில் நீண்டகாலம் இருப்பவனிடம் செய்தியைவிட அதிகமாக வந்து சேர்வன மற்றவர்களின் சொந்தக் கவலைகள். அவற்றுள் அண்மைக்காலத்தில் அடிக்கடி வருவது ஒரு கேள்வி. மகன் கனடாவில் இருக்கிறான், பெண் இங்கே இருக்கிறாள், அல்லது பெண் அங்கே, பையன் இங்கே. இருவருக்கும் விருப்பம். இன்னும் திருமணமாகவில்லை. ‘எந்தப் பிரிவில் விண்ணப்பம் போட்டால் கெதியாகக் கிடைக்கும்?’

இக்கேள்வியே பிழையான இடத்திலிருந்து தொடங்குகிறது என்பது என் கருத்து. குடிவரவுச் சட்டம் ஒரு கடையன்று, மலிவானதைப் பார்த்து எடுப்பதற்கு. அது நம்மிடம் கேட்பது, ‘இன்றைய தேதியில் உங்கள் உறவின் பெயர் என்ன?’ என்ற ஒன்றைத்தான். அதற்கு உண்மையான பதிலைக் கண்டுபிடித்தால், பிரிவு தானாகவே கிடைத்துவிடும். பதிலை வளைத்தால், பிரிவு கிடைக்கலாம். வாழ்க்கை கிடைக்காமற் போகலாம்.

நம்மவர் பெருந்தொகையாக வாழும் கனடாவையே எடுத்துக்கொள்வோம். அங்கு துணைவரை அழைப்பதற்கு மூன்று பெயர்கள் உள்ளன. சட்டப்படி மணம் புரிந்தவர் முதலாவது. மணம் புரியாமலே, கணவன் மனைவி போல் ஒரே வீட்டில் தொடர்ந்து ஓராண்டேனும் வாழ்ந்தவர் ‘கொமன் லோ’ துணை, இது இரண்டாவது. மூன்றாவது ‘கொன்ஜுகல்’ துணை. கனடாவுக்கு வெளியே வாழ்பவராய், ஓராண்டுக்கு மேலாகத் தாம்பத்தியத்துக்கு நிகரான பிணைப்பில் இருந்தும், தம்மால் மாற்ற இயலாத தடையினால் மணம் புரியவோ சேர்ந்து வாழவோ முடியாதவருக்கு உரியது அது.

இம்மூன்றில் நிச்சயதார்த்தம் செய்துகொண்டவர்களுக்கு இடமில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். முன்னர் இடமிருந்தது. 2002ஆம் ஆண்டு ஜூன் மாதம் புதிய குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அப்பிரிவு எடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் நம் ஊரில் ‘பேச்சு முடிஞ்சு மோதிரமும் மாத்தியாச்சு, இனிக் கூப்பிட வேண்டியதுதானே’ என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. மோதிரம் மாற்றியது இரு குடும்பங்களுக்குப் பெரிய காரியம். கனடாவின் குடும்பப் பிரிவுக்கு அது ஒன்றுமேயில்லை.

இந்த மயக்கத்துக்கு ஒரு காரணம் நாட்டுக்கு நாடு விதி வேறுபடுவது. ஐக்கிய அமெரிக்காவில் நிச்சயிக்கப்பட்டவருக்கென்றே ‘கே-1’ விசா உண்டு. அதை அந்நாட்டுப் பிரசை மட்டுமே கோரலாம். கிறீன் கார்ட் வைத்திருப்பவர் கோர முடியாது. மனுச் செய்வதற்கு முந்திய இரண்டாண்டுக்குள் இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. வந்திறங்கி 90 நாட்களுக்குள் மணம் முடிக்க வேண்டும். பிரித்தானியாவிலும் நிச்சயிக்கப்பட்டவருக்கு விசா உண்டு. அங்கே மணமாகாத துணைவர் இரண்டாண்டு ஒன்றாக வசித்திருக்க வேண்டும் என்றிருந்த நிபந்தனை 2024 ஜனவரி இறுதியில் தளர்த்தப்பட்டு, திருமணத்துக்கு நிகரான உறவு இரண்டாண்டு நிலவியிருந்தாற் போதும் என்றாயிற்று. அவுஸ்திரேலியா பொதுவாகப் பன்னிரண்டு மாத உறவைக் கேட்கிறது. லண்டனில் உள்ள மாமி தன் மகனின் அனுபவத்தை வைத்துச் சொல்லும் புத்திமதி டொரன்டோ மருமகனுக்குப் பொருந்தாமற் போவது இதனாற்றான்.

இனி, ‘கொமன் லோ’ என்ற பெயரைப் பார்ப்போம். நம் சமூகத்துக்கு மிகவும் சங்கடம் தருவதும் இதுவே. ஓராண்டு என்பது ஓராண்டுதான்; பதினொரு மாதமன்று. தொழில் காரணமாகவோ வீட்டில் ஒருவரின் நோய் காரணமாகவோ சிறிது காலம் பிரிந்திருந்தால் அது கணக்கைக் குலைக்காது. ஆனால் நான்கு வருடம் இரவு பகலாக வட்ஸ்அப்பில் பேசியது ஒரு நாள் சேர்ந்து வாழ்ந்ததற்கும் ஈடாகாது. விண்ணப்பம் கொடுக்கும் நாளில் அந்த ஓராண்டு நிறைவடைந்திருக்க வேண்டும்.

அதை எவ்வாறு நிறுவுவது? இருவர் பெயரிலுமுள்ள வீட்டு வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு, ஒரே முகவரிக்கு வரும் மின்கட்டணச் சிட்டை, காப்புறுதியில் துணைவரின் பெயர், சாரதி அனுமதிப்பத்திரத்திலுள்ள முகவரி. கனடிய உயர் நீதிமன்றம் 1999ஆம் ஆண்டு ‘எம் எதிர் எச்’ என்ற வழக்கில், தாம்பத்தியத்துக்கு நிகரான உறவை எடைபோடும் அம்சங்களைச் சுட்டியது. ஒரே உறைவிடம், அந்தரங்க வாழ்வு, வீட்டு வேலைகளைப் பகிர்தல், சமூக வாழ்வு, பொருளாதாரத் துணை, பிள்ளைகள், சமூகம் அவ்விருவரையும் எவ்வாறு பார்க்கிறது என்பன அவை. எல்லாம் ஒருங்கே இருக்க வேண்டுமென்றில்லை. ஆயினும் கடைசி அம்சத்தை நம்மவர் ஊன்றி நோக்க வேண்டும். சமூகம் எவ்வாறு பார்க்கிறது?

நம் பிள்ளைகள் பலர் சமூகம் பார்க்கக்கூடாதென்றே வாழ்கிறார்கள். படிக்கப் போன பெண் அங்கே தன் துணைவனுடன் ஒரே வீட்டில் வசிக்கிறாள். ஊரிலுள்ள தாய்க்குச் சிநேகிதியோடு அறை எடுத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். வீட்டு ஒப்பந்தத்தில் அவள் பெயர் இல்லை. கடிதங்கள் ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டு முகவரிக்குப் போகின்றன. சேர்ந்து எடுத்த படம் ஒன்றும் முகநூலில் இல்லை. இரண்டாண்டு கழித்து அவர்கள் விண்ணப்பம் எழுத உட்காரும்போது, தாய்க்காக மறைத்தவை அனைத்தும் அதிகாரிக்கும் மறைந்தவையாகவே இருக்கின்றன. வாழ்ந்த வாழ்க்கை உண்மை. காட்டுவதற்குத் துண்டுக் காகிதமும் இல்லை.

இதில் வரிப் பத்திரத்தின் கதையும் உண்டு. கனடாவின் வருமான வரித் திணைக்களமும் பன்னிரண்டு மாதம் தொடர்ந்து சேர்ந்து வாழ்ந்தோரைக் ‘கொமன் லோ’ துணைவராகவே கணிக்கிறது. சில உதவித்தொகைகள் குடும்ப வருமானத்தைப் பார்த்தே வழங்கப்படுவதால், ஒருவர் தம்மைத் தனியாள் என்று எழுதிக் கொஞ்சம் கூடுதலாகப் பெற்றுக்கொள்கிறார். பிறகு ஸ்பொன்சர் விண்ணப்பத்தில் அதே ஆண்டைச் சேர்ந்து வாழ்ந்த ஆண்டாகக் காட்டுகிறார். இரண்டும் ஒரே அரசாங்கத்துக்குக் கொடுத்த வாக்குமூலங்கள். எது பொய் என்று அதிகாரி கேட்டால் எந்தப் பதிலும் நட்டமே. மாணவர் விசாவுக்கும் சுற்றுலா விசாவுக்கும் நிரப்பிய படிவங்களும் இவ்வாறே திரும்பி வரும்.

மூன்றாவது பெயரான ‘கொன்ஜுகல்’ துணை, நம்மவரிடையே தரகர்களால் மிகவும் தவறாக விற்கப்படுவது. ‘கல்யாணமும் வேண்டாம், சேர்ந்து இருந்ததும் வேண்டாம், காதல் கடிதம் இருந்தாற் போதும்’ என்கிறார்கள். அது அவ்வாறன்று. மணம் புரிந்திருக்கலாம், வேறொரு நாட்டில் சந்தித்துப் பதிவு செய்திருக்கலாம், ஆனால் வசதிப்படவில்லை என்போருக்கு அக்கதவு திறப்பதில்லை. திருமண மண்டபம் கிடைக்கவில்லை, அக்காவுக்கு இன்னும் ஆகவில்லை, செவ்வாய் தோஷம் கழியட்டும் என்பன நம் வீட்டுக் காரணங்கள். சட்டம் கேட்கும் தடைகள் அல்ல.

அப்பிரிவு யாருக்காக உண்டாயிற்று என்பதற்கு நம் நாடே சான்று. இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ ஆகிய பிரிவுகள் ஒருபாலாரின் உறவைக் குற்றமாக்கின. அவற்றைத் திருத்தக் கொண்டுவரப்பட்ட தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என்று உயர் நீதிமன்றம் 2023இல் கூறியது. ஆனால் அங்கு கிடைத்தது சட்டமூலத்துக்கு வழிவிடும் அபிப்பிராயமே, திருமணப் பதிவன்று. கனடாவில் 2005 முதல் ஒருபால் திருமணம் நாடளாவிய சட்டம். கனடாவில் ஒருவரும் மட்டக்களப்பில் ஒருவருமாக உள்ள அத்தகைய இருவர், இங்கே மணக்கவும் முடியாது, ஒரு வீட்டில் அச்சமின்றி வாழவும் முடியாது. அவர்களுக்கான வாசலில் நிச்சயதார்த்தக்காரர் கூட்டமாக வந்து நின்றால், உண்மையாக நிற்பவர் மீதும் ஐயம் படியும். நம்மில் பலர் இவர்களைப் பற்றிப் பேசவே விரும்புவதில்லை. ஆனால் அவர்களும் நம் வீட்டுப் பிள்ளைகளே.

இன்னொரு கூட்டத்தாரையும் நினைக்காமல் இப்பத்தியை எழுத முடியாது. போரில் கணவனைத் தொலைத்த பெண்கள் அவர்கள். கணவன் இறந்தான் என்று சான்றிதழ் பெற மனம் ஒப்பாதவர்களுக்காக, 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் மூலம் காணாமற்போனமைக்கான சான்றிதழ் கொண்டுவரப்பட்டது. அது கணவன் இறந்துவிட்டான் என்று கூறும் பத்திரமன்று. பத்துப் பதினைந்து ஆண்டுகளின் பின் அப்பெண்ணுக்கு ஒரு துணை கிடைக்கிறது. அவர் கனடாவில் இருக்கிறார். மறுமணம் செய்வதற்கு அவள் ஒன்றில் மரணச் சான்றிதழ் பெற வேண்டும், அல்லது மாவட்ட நீதிமன்றத்தில் விவாகரத்துக்கு வழக்காட வேண்டும். நம் நாட்டில் விவாகரத்துக்குப் பிறர்மனை சேர்தல், வன்மத்துடன் கைவிட்டுச் செல்லல், மணவேளையிலேயே இருந்த குணப்படாத ஆண்மைக் குறை ஆகியனவே காரணங்கள். காணாமலாக்கப்பட்டவனைக் ‘கைவிட்டுச் சென்றவன்’ என்று எந்த மனைவி சத்தியம் செய்வாள்?

கனடிய விதிகளின்படி, முந்திய மணம் ஏட்டில் இருப்பது ‘கொமன் லோ’ உறவை முற்றாகத் தடுப்பதில்லை. பழைய உறவு முறிந்து, ஓராண்டேனும் பிரிந்து வாழ்ந்து, புதியவருடன் ஓராண்டு சேர்ந்து வாழ்ந்திருந்தால் அது கருதப்படலாம். ஆனால் தொலைந்துபோனவனோடு மணம் ‘முறிந்தது’ என்று எழுதுவது ஒரு படிவத்தின் கட்டத்துள் அடங்கும் காரியமன்று. இவ்விடத்தில் அனுபவமுள்ள சட்டத்தரணியிடம் முழு உண்மையையும் சொல்லி, எழுத்தில் ஆலோசனை பெறாமல் ஓரடியும் வைக்கக்கூடாது. ‘விதவை’ என்று போட்டுவிடுங்கள் என்று சொல்லும் தரகரை வாசற்படியிலேயே நிறுத்திவிடுங்கள்.

அப்படியானால் எல்லாரும் உடனே எழுத்து வைத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். யாழ்ப்பாணத்தில் விவாகப் பதிவை ‘எழுத்து’ என்றே சொல்கிறோம். மணம் புரியும் எண்ணமுள்ளோருக்கு அதுவே நேரான வழி. அவர்களுக்கு நான் சொல்வதும் அதுவே. ஆனால் பத்திரத்துக்காக மட்டும் வைக்கும் எழுத்து ஆபத்தானது. உறவு உண்மையானதன்று என்றோ, குடிவரவு நலன் பெறுவதே அதன் முதன்மை நோக்கம் என்றோ அதிகாரி கண்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். 2010 முதல் இவ்விரண்டில் ஒன்றே போதும். ஆக, பின்னர் உண்மையாகவே அன்போடு வாழும் தம்பதியருங்கூட, தொடக்கத்தில் வைத்த அவசர எழுத்தின் காரணமாகத் தோற்கலாம். தொலைபேசியிலும் இணையத்திலும் பதிலாளை நிறுத்தியும் செய்த மணங்களும், மிகச் சில விதிவிலக்கு நீங்கலாக, 2015இலிருந்து குடிவரவுக்கு ஏற்கப்படுவதில்லை. இருவரும் மணவிடத்தில் நேரில் நிற்க வேண்டும். அகதி நிலையினால் இலங்கைக்கு வர முடியாதோர் சென்னையிலும் திருச்சியிலும் வந்து மணம் முடிப்பது இதனாற்றான்.

எல்லாவற்றிலும் கொடிய பொறி, மறைத்த மணம். பெற்றோர் கனடாவிலிருந்து பிள்ளைகளைக் கூப்பிடுகிறார்கள். தங்கிவாழும் பிள்ளை என்ற வகையில் வருபவர் குறித்த வயதுக்குட்பட்டவராகவும், மணமாகாதவராகவும், ‘கொமன் லோ’ துணை இல்லாதவராகவும் இருக்க வேண்டும். அந்த வயதெல்லை 22க்குக் கீழ் என்றிருந்து, 2014இல் 19க்குக் கீழாகக் குறைந்து, 2017இல் மீண்டும் 22க்குக் கீழ் என்றாயிற்று. மகளோ காதலனோடு இரகசியமாக எழுத்து வைத்திருக்கிறாள். ‘சிங்கிள் என்று போடு, போனபின் அவனைக் கூப்பிடலாம்’ என்று யாரோ சொல்கிறார். அவள் போகிறாள். பின்னர் அவனைக் கூப்பிடும்போது பதிவுத் தேதி எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

வரும்போது அறிவிக்கப்படாத, பரிசோதிக்கப்படாத குடும்ப உறுப்பினரைப் பின்னர் குடும்பப் பிரிவில் அழைக்க முடியாது என்பது பொது விதி. 2019இல் ஒரு தற்காலிகக் கொள்கை சிலருக்கு இதிலிருந்து விலக்களித்தது. பின்னர் அது நீடிக்கப்பட்டது. ஆனால் உண்மையைச் சொல்லியிருந்தால் வந்தே இருக்க முடியாது என்ற நிலையில் உள்ளவருக்கு அது உதவாது. அவளது சொந்த வதிவிட உரிமையே கேள்விக்குள்ளாகலாம். பொய்யுரைத்தலுக்கான தடைக்காலம் 2014இல் இரண்டிலிருந்து ஐந்து ஆண்டாக உயர்த்தப்பட்டது. கணவனைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பம் மனைவியையே திருப்பி அனுப்பக்கூடிய நிலை இது.

பெயரைத் தெரிந்தபின் வாசலையும் தெரிந்து செல்ல வேண்டும். கனடாவுக்குள் சேர்ந்து வாழ்வோருக்கான உள்நாட்டுப் பிரிவில் நிராகரிப்பு வந்தால் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குச் செல்லும் உரிமை இல்லை. சமஷ்டி நீதிமன்றத்தின் அனுமதி பெற்றே நீதித்துறை மீளாய்வு கோரலாம். வெளிநாட்டுக் குடும்பப் பிரிவில், சில விலக்குகள் நீங்கலாக, அந்த மேன்முறையீடு உண்டு. ‘கொன்ஜுகல்’ துணைக்கு வெளிநாட்டுப் பிரிவு மட்டுமே. ‘எது கெதி’ என்று கேட்பவர்கள், ‘தோற்றால் என்ன வழி’ என்றும் கேட்க வேண்டாமா?

வந்து சேர்ந்த பின்னரும் பெயருக்குப் பொறுப்புண்டு. துணைவரை அழைத்தவர், அவர் நிரந்தர வதிவிடம் பெற்ற நாளிலிருந்து மூன்றாண்டு அவரது அடிப்படைத் தேவைகளுக்குக் கட்டுப்பட்டவர். இடையில் உறவு முறிந்தாலும் அக்கட்டுப்பாடு முறியாது. அழைக்கப்பட்டு வந்தவர் ஐந்தாண்டு கழியும்வரை வேறொரு துணைவரை அழைக்க முடியாது. இது 2012இல் வந்தது. அதே ஆண்டில் புதிய தம்பதியர் சிலருக்கு விதிக்கப்பட்ட, இரண்டாண்டு ஒன்றாக வாழ்ந்தாக வேண்டும் என்ற நிபந்தனை, வன்முறைக்குள் பெண்களைக் கட்டிவைக்கிறது என்ற கண்டனத்தின் பின் 2017இல் நீக்கப்பட்டது. ஆகவே, ‘என்னை விட்டுப் போனால் உன்னை ஊருக்கு ஏத்திவிடுவன்’ என்று மிரட்டும் கணவனின் சொல், உண்மையான உறவில் வந்து வதிவிடம் பெற்றுவிட்ட மனைவியைப் பொறுத்தவரை வெறும் மிரட்டலே. பொய்யான பெயரில் வந்தவளுக்கோ அவன் கையில் உண்மையாகவே ஒரு கயிறு இருக்கிறது. பிரிவைப் பொய்யாகத் தேர்வதில் ஏற்படும் மிகப் பெரிய இழப்பு இதுதான் என்பேன்.

இவ்வளவையும் கேட்டு, ‘நீர் வெள்ளைக்காரனின் சட்டத்துக்கு வக்காலத்து வாங்குகிறீர்’ என்று சிலர் சொல்லக்கூடும். அவர்களின் கோபத்தில் நியாயம் இல்லாமலில்லை. அந்நியரின் படுக்கையறைக்குள் எட்டிப் பார்க்கும் சட்டம் இது. மேலும் நாம் படிவங்களுக்கு அஞ்சக் கற்றுக்கொண்ட இனம். சோதனைச் சாவடியில் ஊர்ப் பெயரை மாற்றிச் சொல்லி உயிர் தப்பியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். உண்மையைச் சொன்னவன் திரும்பி வராத காலத்தில், மறைப்பது பாவமாக இருக்கவில்லை. அந்தப் பழக்கம் ஒரு தலைமுறையின் எலும்பில் ஊறியிருக்கிறது.

ஆனால் அது உயிருக்காக மறைத்தது. இது பெருமைக்காக மறைப்பது. அங்கே மறைத்ததால் ஒருவன் வீடு திரும்பினான். இங்கே மறைப்பதால் இருவர் இரண்டு நாடுகளில் ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாகாது.

எனவே இளையோரிடம் நான் கேட்பது, விண்ணப்பத்தைத் தொடங்குமுன் இருவரும் ஒரு தாளை எடுத்து, எப்போது சந்தித்தோம், எந்தத் தேதியிலிருந்து ஒரே கூரையின் கீழ் இருந்தோம், எந்தப் படிவத்தில் என்ன எழுதினோம் என்று வரிசையாக எழுதுங்கள். ஓராண்டு நிறைந்திருந்தால் ‘கொமன் லோ’. நிறையவில்லை, மணக்க விருப்பமும் வழியும் உண்டு என்றால் திருமணம். இரண்டுக்கும் உண்மையான தடை இருந்தால் மட்டுமே மூன்றாவது. ஒன்றும் பொருந்தவில்லை என்றால், பொருந்தும்வரை பொறுத்திருங்கள். முந்திய படிவத்தில் பிழையிருந்தால் அதைப் புதைக்காமல், சட்டத்தரணியிடமோ உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகரிடமோ முதல் நாளே சொல்லுங்கள்.

பெற்றோரிடம் கேட்பது இதைவிடக் கடினமானது. பிள்ளைகள் உங்களுக்குப் பயந்து தங்கள் வாழ்க்கையின் தடயத்தை அழிக்க வேண்டிய நிலையை உண்டாக்காதீர்கள். மணமாகுமுன் சேர்ந்து வாழ்வதை நீங்கள் ஏற்க வேண்டுமென்று நான் வற்புறுத்தவில்லை. எனக்குமே அதில் தயக்கங்கள் உண்டு. ஆனால் அவர்கள் அவ்வாறு வாழ்கிறார்கள் என்பதை அறிந்துகொள்ளும் தைரியமாவது நமக்கு வேண்டும். அவ்விருவரையும் தெரியும் என்று பெற்றவர் கையெழுத்திட்டுக் கொடுக்கும் ஒரு கடிதம், தரகர் தயாரித்துத் தரும் தடித்த அல்பத்தைவிட நிறையுடையது. அக்கடிதத்தை எழுதும் தாய் தந்தையர் ஒவ்வொரு ஊரிலும் நால்வர் முன்வந்தால், நம் பிள்ளைகளுக்குப் பொய்ப் பெயர்கள் தேவைப்படா.